மயக்க மருந்தும் வயிற்றுக் குடித்தனமும்: மலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் மயக்க மருத்துவராக வேலை பார்க்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் ‘ஃபிட்னஸ்’ வாங்க வருகிறவர்கள் முன்பெல்லாம் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். நடுவில் முழிப்பு வந்துவிடுமா? முதுகில் ஊசி போட்டால் காலத்துக்கும் முதுகுவலி நிற்குமா? இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து இடுப்பு எலும்பு முறிந்து ஒரு பாட்டி வந்தார். கூட வந்த பேரன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "டாக்டர், கேஸ் குடுத்து மயக்கினா குடல்ல இருக்கற நல்ல பாக்டீரியா எல்லாம் செத்துரும்னு போட்டிருக்கான். பாட்டிக்கு அது வேணாம், வேற ஏதாவது குடுங்க."

நல்ல கேள்விதான். ஆனால் அவன் கவலைப்பட்ட இடம் வேறு, கவலைப்பட வேண்டிய இடம் வேறு. வராந்தாவில் நின்று அவனுக்குச் சொன்னதையும், அதற்குப் பிறகு பலர் கேட்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

குடல் பாக்டீரியாவுக்கும் ஆபரேஷனுக்கும் என்ன சம்பந்தம்?

மலைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். டிசம்பரில் ஊட்டியில் பாலுக்கு உறை ஊற்றி அப்படியே மேடையில் வைத்தால் காலையில் பாலாகவேதான் இருக்கும். அதனால் பாத்திரத்தைப் பழைய ஸ்வெட்டரில் சுற்றி அரிசி டிரம்முக்குள் இறக்குகிறோம், இல்லை அடுப்போரம் வைக்கிறோம். அதே பால், அதே உறை மோர். சூழ்நிலை சரியில்லை என்றால் பாக்டீரியா வேலை செய்யாது.

வயிற்றுக்குள் இருப்பதும் அதே குணமுள்ள கூட்டம்தான். 2016இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி ஒரு மனித உடம்பில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்கின்றன, பெரும்பகுதி பெருங்குடலில். எண்ணிக்கையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும், எடை என்னவோ ஒரு டம்ளர் தயிர் அளவு, 200 கிராம். நமக்குச் செரிக்காத நார்ச்சத்தை அவை புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கியச் சாப்பாடே அந்த பியூட்டிரேட்தான். சுவர் நன்றாக இருந்தால் கிருமி ரத்தத்துக்குள் கசியாது. இடத்தை நல்லவர்கள் அடைத்துக்கொண்டிருந்தால் கெட்டவர்கள் குடியேற முடியாது.

ஆபரேஷன் நாளன்று இந்தக் குடித்தனத்துக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். சாப்பாடு வருவதில்லை. குடல் அசைவது நின்றுபோகிறது. ரத்த ஓட்டம் கூடிக் குறைகிறது. உடம்பு பயத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் பொங்குகின்றன. போதாக்குறைக்கு ஆன்டிபயாடிக் வேறு. ஸ்வெட்டர், அடுப்பு, டிரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துவிட்ட மாதிரி.

மயக்க மருந்தே நேராகப் போய் பாக்டீரியாவைக் கொல்லுமா?

அப்படிச் சொல்ல முடியாது. மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் மாதிரி மருந்துகள் ஆய்வுக்கூடத் தட்டில் பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கும் என்பது உண்மைதான். நரம்பில் போட்டுத் தூங்கவைக்கும் புரோப்போஃபால் இதற்கு நேர் எதிர். பால் போல வெள்ளையாக இருக்கும். சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் கலந்தது. கிருமிக்கு அது விருந்து. 1990களில் அமெரிக்காவில் இந்த மருந்தைச் சுத்தமில்லாமல் கையாண்டதால் ஆபரேஷன் ஆனவர்களுக்கு ரத்தத்தில் தொற்று வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் உடைத்த குப்பியை நாளைக்கு என்று எடுத்துவைக்க மாட்டோம். ஆனால் இதெல்லாம் தட்டிலும் குப்பியிலும் நடப்பவை. உங்கள் பெருங்குடலில் நடப்பது வேறு.

அங்கே மருந்து சுற்றுவழியாகத்தான் பாதிக்கிறது. குடலை ஓட்டும் நரம்புகளை அடக்குகிறது. பித்தநீர் வரத்து மாறுகிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் கொஞ்ச நேரம் மந்தமாகின்றன. தண்ணீர் ஓடாத ஓடையில் பாசி பிடிப்பது போல, குடல் நின்றால் உள்ளே இருப்பவர்களின் விகிதம் மாறுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு பியூட்டிரேட் தரும் இனங்கள் குறைந்து, என்டெரோகாக்கஸ், ஈ.கோலை வகையறா தலைதூக்குவதைப் பார்த்திருக்கிறார்கள்.

செவோஃப்ளூரேன் கேஸ் கொடுத்தால் பாக்டீரியா மாறுதுன்னு ஆராய்ச்சியே இருக்கே?

இருக்கிறது, பெரும்பாலும் எலிகளில். மணிக்கணக்கில் செவோஃப்ளூரேனோ ஐசோஃப்ளூரேனோ சுவாசிக்க வைத்த எலிகளின் குடல் பாக்டீரியாக் கலவை மாறியிருக்கிறது. வயதான எலிகளுக்கு மயக்கம் கொடுத்து வயிற்றையும் திறந்தபோது அவை மனக்குழப்பத்தில் தடுமாறின. முன்கூட்டியே லாக்டோபாசில்லஸ் கொடுத்த எலிகள் அவ்வளவு தடுமாறவில்லை. பேரன் போனில் பார்த்ததும் இந்த மாதிரி ஒன்றைத்தான்.

எலி ஆய்வை நான் மட்டம் தட்டவில்லை. ஆனால் எலி தன் புழுக்கையைத் தானே தின்னும் பிராணி. ஒரே கூண்டில் இருந்தால் ஒன்றின் பாக்டீரியா மற்றதற்கும் போகும். மூன்று வருஷம்கூட வாழாத அந்த உடம்புக்கு நான்கு மணி நேர மயக்கம் என்பதும் நமக்கு நான்கு மணி நேரம் என்பதும் ஒன்றல்ல. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. அவர்களுக்கு மயக்கம் மட்டும் தனியாகவா கொடுத்தார்கள்? கூடவே கத்தி, பட்டினி, ஆன்டிபயாடிக், வலி மருந்து எல்லாம். குழம்பில் உப்புக் கூடிப்போனதற்கு மிளகாயைக் குற்றம் சொல்கிற கதை ஆகிவிடும்.

அப்போ முழு மயக்கம் நல்லதா, முதுகில் ஊசி நல்லதா?

இதற்கு எலியை நம்ப வேண்டியதில்லை, மனிதர்களிடமே பெரிய ஆய்வு இருக்கிறது. அதுவும் பாட்டிக்கு வந்த அதே இடுப்பு எலும்பு முறிவில். அமெரிக்காவிலும் கனடாவிலும் 50 வயதுக்கு மேற்பட்ட 1,600 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு முதுகில் ஊசி, பாதிப் பேருக்கு முழு மயக்கம். 60 நாள் கழித்து இறந்துபோனவர்களும் துணையில்லாமல் நடக்க முடியாதவர்களும் சேர்ந்து ஊசிக் கூட்டத்தில் 18.5 சதவீதம், முழு மயக்கக் கூட்டத்தில் 18.0. முடிவு 2021இல் வந்தது. அடுத்த வருஷம் வெளியான ஒரு சீன ஆய்வில் 65 வயது தாண்டிய 950 பேரிடம், ஆபரேஷனுக்குப் பிறகு வரும் மனக்குழப்பத்தைப் பார்த்தார்கள். அதிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான்: ஊசிக் கூட்டத்தில் 6.2 சதவீதம், முழு மயக்கக் கூட்டத்தில் 5.1. முதுகு ஊசிதான் வயதானவர்களுக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவந்த எங்களில் பலருக்கு இது கொஞ்சம் சங்கடம்தான். நானும் சொல்லியிருக்கிறேன்.

வயிற்று ஆபரேஷன் என்றால் கதை மாறுகிறது. முதுகில் மெல்லிய குழாய் வைத்து மரத்துப்போகும் மருந்தைத் தொடர்ந்து செலுத்தும் எபிட்யூரல் முறையில், மார்ஃபின் வகை மருந்தால் வலியை அடக்குவதைவிடக் குடல் ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக ஓடத் தொடங்குகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்ட கணக்கு இது. காரணம் எபிட்யூரல் பாக்டீரியாவுக்குப் பிடித்தமானது என்பதல்ல. குடலை ‘நில்’ என்று பிடித்துவைக்கும் நரம்பையும் அது மரத்துப்போக வைக்கிறது. மார்ஃபின் தேவையும் குறைகிறது.

ஏன் எல்லாரும் ‘வாயு பிரிஞ்சுதா, வாயு பிரிஞ்சுதா’ன்னே கேக்கறீங்க?

வெட்கப்பட வைக்கும் கேள்விதான். வார்டில் பத்து சொந்தக்காரர்கள் சுற்றி நிற்கும்போது ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் உரக்கக் கேட்பார். தேயிலை பறிக்கும் அம்மா ஒருவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நர்ஸ் காதில் மட்டும் சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் குடல் மறுபடி கடையைத் திறந்துவிட்டது என்று வெளியே தெரியும் முதல் சத்தம் அதுதான்.

வயிற்றைத் திறந்தால் குடல் கொஞ்ச நாள் ஸ்தம்பித்துப்போகும். சிறுகுடல் ஒரு நாளுக்குள் எழுந்துவிடும். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள். பெருங்குடல்தான் சோம்பேறி, இரண்டு மூன்று நாள் எடுக்கும். பாக்டீரியா அதிகம் வாழ்வதும் அங்கேதான் என்பதை மறக்க வேண்டாம்.

முன்பு வாயு பிரியும்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தர மாட்டார்கள். நான் மருத்துவ மாணவனாக இருந்தபோது என் அப்பாவுக்குச் சமவெளியில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பையை எடுத்தார்கள். மூன்று நாள் டிரிப்ஸ் மட்டும். நான்காம் நாள் அவர் உதடு வெடித்துக் கிடந்தது. எழுந்து உட்காரவே தெம்பில்லை. படித்துக்கொண்டிருந்த எனக்கும் அது தப்பென்று தோன்றவில்லை, பாடப் புத்தகமும் அதையே சொன்னது. டென்மார்க்கின் ஹென்ரிக் கேலெட் என்ற அறுவை மருத்துவர் 1990களில் இந்தப் பட்டினி வழக்கத்தைக் கேள்விகேட்டு, சீக்கிரம் சாப்பாடு, சீக்கிரம் நடை, குறைந்த மார்ஃபின் என்று திருப்பிப் போட்டார். இப்போது பெரும்பாலான ஆபரேஷன்களில் அன்றைக்கே நாலு மடக்குத் தண்ணீர், மறுநாள் கஞ்சி. வாயுவுக்காகக் காத்திருப்பதில்லை, கேட்பதை மட்டும் விடவில்லை.

காபி குடித்தால் குடல் முன்கூட்டியே எழுகிறது என்று ஜெர்மனியில் ஓர் ஆய்வு உண்டு. பெருங்குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்களில், தினம் மூன்று கப் காபி குடித்தவர்களுக்கு முதல் மலம் கழிய சராசரியாக 60 மணி நேரம், வெந்நீர் மட்டும் குடித்தவர்களுக்கு 74. குன்னூர்த் தேயிலைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

வலி மருந்து வயிற்றைக் கட்டுமா?

கட்டும். இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். மயக்கம் தருவது கேஸா, வெள்ளை மருந்தா, முதுகு ஊசியா என்பதைவிட, எவ்வளவு மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால் உடம்புக்குள் போகிறது என்பதுதான் குடலுக்கு முக்கியம். மூளையில் வலியை அடக்கும் அதே பூட்டு குடல் சுவரிலும் இருக்கிறது. அதே சாவி அங்கேயும் பொருந்தி, குடலைப் பூட்டிவிடுகிறது. நாள் போகப் போக மார்ஃபினின் தூக்கமும் குமட்டலும் பழகிப்போகும். மலச்சிக்கல் மட்டும் பழகாது. எலிகளில் மார்ஃபின் குடல் பாக்டீரியாக் கலவையைக் கலைத்து, சுவரைக் கசிய விட்டதும் தெரியும்.

அதற்காக வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கச் சொல்லவில்லை. வலி இருந்தால் நடக்க மாட்டீர்கள், ஆழமாக மூச்சு விட மாட்டீர்கள், இருமிச் சளி துப்ப மாட்டீர்கள். நம் ஊர்க் குளிரில் நெஞ்சுச் சளிக்கு அதைவிட அழைப்பு வேண்டாம். வழி என்னவென்றால், நாலாப் பக்கமும் சேர்த்து அடிப்பது. பாராசிட்டமாலை வலி வந்த பிறகு அல்லாமல் நேரம் பார்த்துக் கொடுக்கலாம். வயிற்றுச் சுவர் நரம்புகளை ஸ்கேன் பார்த்து மரத்துப்போக வைக்கலாம். பாட்டிக்குத் தொடை மடிப்புக்குக் கீழே ஒரு ஊசி போட்டேன்; ஆபரேஷன் மேசையில் அவரைத் திருப்பும்போது அவர் முகம் சுளிக்கவில்லை. மார்ஃபின் கடைசி ஆள். தேவைப்பட்டால் தயங்காமல் கூப்பிடலாம், முதல் ஆளாக வேண்டாம்.

லிக்னோகெய்னை நரம்பில் சொட்டவிட்டால் குடல் வேகமாக எழும் என்று சில வருஷம் எல்லோரும் நம்பினோம். பிரிட்டனில் பெருங்குடல் ஆபரேஷன் ஆனவர்களிடம் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். பலன் இல்லை.

நல்ல பாக்டீரியாவை உண்மையில் அதிகம் கொல்வது எது?

ஆன்டிபயாடிக். தோலைக் கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஒரு டோஸ் போடுவது அவசியம், அதைத் தடுக்காதீர்கள். பிரச்சினை அதற்கப்புறம். ஹெர்னியா, தைராய்டு மாதிரி சுத்தமான ஆபரேஷனுக்குக்கூட "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஐந்து நாள், ஏழு நாள் எழுதித் தருகிற பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்த பிறகு தடுப்புக்காக ஆன்டிபயாடிக்கை நீட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016லேயே சொல்லிவிட்டது. ஏற்கெனவே சீழ் இருந்தால், குடல் ஓட்டையாகியிருந்தால் விஷயம் வேறு, அங்கே அது சிகிச்சை.

இரண்டாவது ஆள் காலையில் வெறும் வயிற்றில் போடும், அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை. வயிற்று அமிலம் ஒரு வாசல் காவலாளி. அவனைத் தூங்கவைத்தால் வாயில் இருக்கும் கிருமிகள் அலுங்காமல் குடலுக்கு இறங்கும். டிஃபிசில் என்ற பொல்லாத வயிற்றுப்போக்குக் கிருமி வர வாய்ப்பும் கூடுகிறது. ஆபரேஷனுக்காக எழுதித் தந்த மாத்திரை, இரண்டு வருஷமாக மருந்துக் கடையில் தானாகப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வந்ததைப் பார்த்திருக்கிறேன். அல்சர் இருப்பவர்களும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களும் தாங்களாக நிறுத்தக் கூடாது. மற்றவர்கள் எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள்.

ராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடாம வரணுமா?

மஞ்சூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர், முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்து, தியேட்டருக்குள் போகும்போது மணி பன்னிரண்டாகியிருக்கும். பதினேழு மணி நேரம். இது தேவையில்லாத தண்டனை. பலகாரம், பால், பால் கலந்த டீ எல்லாம் ஆறு மணி நேரம் முன்புவரை. எண்ணெயில் பொரித்ததும் கறியும் என்றால் எட்டு. தண்ணீர், சர்க்கரை போட்ட கட்டஞ்சாயா (பால் சேர்க்காத டீ) இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். கூடலூர்க்காரர்களுக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும். குடல் அடைப்பு இருப்பவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், பல வருஷச் சர்க்கரை நோயாளிகள், எடை குறைய வாராவாரம் ஊசி போடுகிறவர்கள் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம், உங்கள் மருத்துவர் சொல்கிற நேரம்தான்.

கல்லட்டி மலைப்பாதை வளைவில் வாந்தி வருகிறவர்களுக்கு மயக்கமும் ஒத்துக்காதா?

இதை நீங்கள் கேட்காவிட்டாலும் நான் கேட்பேன். ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி வருமா என்று கணிக்க நான்கே நான்கு விஷயம் பார்க்கிறோம். பெண்ணா, புகை பிடிக்காதவரா, பயண வாந்தியோ முன்பு ஆபரேஷனில் வாந்தியோ உண்டா, பிறகு மார்ஃபின் வகை தேவைப்படுமா. ஒன்றும் இல்லையென்றால் பத்துப் பேரில் ஒருவருக்கு வாந்தி. நான்கும் இருந்தால் பத்தில் எட்டு. 36 கொண்டை ஊசி வளைவையும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே கடக்கிற, புகை பிடிக்காத பெண்களுக்கு எடுத்த எடுப்பிலேயே மூன்று மதிப்பெண். புகை பிடிப்பவருக்கு இந்த ஒரு பரீட்சையில் மட்டும் லாபம், அதற்காக ஆரம்பித்துவிடாதீர்கள்.

இங்கேதான் மயக்கத் தேர்வுக்கு உண்மையான அர்த்தம் இருக்கிறது. கேஸுக்குப் பதிலாக புரோப்போஃபாலையே ஆரம்பம் முதல் முடிவுவரை ஓட்டினால் வாந்தி குறையும். வாந்தி குறைந்தால் அன்றைக்கே வாய்வழியாகச் சாப்பிடலாம், சாப்பாடு போனால் குடித்தனமும் பிழைக்கும். வாந்திக்குப் போடும் ஆன்டான்செட்ரான் மலத்தைக் கட்டும் என்பது ஒரு கொசுறுத் தகவல்.

மலை உயரத்தில் மயக்க மருந்து வேறு மாதிரி வேலை செய்யுமா?

ஊட்டி 2,240 மீட்டர். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற மயக்க கேஸ் இங்கே கொஞ்சம் வலுவிழக்கும். செவோஃப்ளூரேன் தரும் வழக்கமான கருவி தன்னாலேயே ஈடுகட்டிக்கொள்ளும். டெஸ்ஃப்ளூரேன் கருவிக்கு நாங்கள்தான் கூட்டிவைக்க வேண்டும். நரம்பு ஊசிக்கும் முதுகு ஊசிக்கும் உயரம் ஒரு பொருட்டில்லை. இது எங்கள் கவலை, உங்களுடையது அல்ல.

உங்கள் கவலை வீடு திரும்பும் பயணம். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி வரும்போது தலையணையாக உப்பியிருக்கும், பார்த்திருப்பீர்கள். குடலில் நிற்கும் வாயுவும் அப்படித்தான், ஏறத்தாழ கால் பங்கு பெருக்கும். கோவையில் வயிற்று ஆபரேஷன் முடித்து மூன்றாம் நாள் மலை ஏறுகிறவர்கள், "பர்லியார் தாண்டினதும் வயிறு தம்முனு ஆயிருச்சு" என்று சொல்வது கற்பனை இல்லை. வாயு நன்றாகப் பிரிந்த பிறகு கிளம்புங்கள். வயிற்றைப் பிடிக்காத தளர்ந்த உடை போடுங்கள். வீட்டுக்கு வந்தும் உப்புசம் இறங்காமல் வாந்தியும் சேர்ந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

குடலைவிட ஆபத்தான ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்து அனுப்பியிருந்தால் அது கரையும்வரை மலை ஏறவே கூடாது. கண் அழுத்தம் எகிறிப் பார்வையே போகலாம். கண் டாக்டரிடம் "வீடு ஊட்டி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தச் சமயத்தில் வேறு ஆபரேஷன் வந்தால் மயக்க மருத்துவரிடமும் சொல்லுங்கள். நைட்ரஸ் ஆக்ஸைடு அந்தக் குமிழியை ஊதிப் பெருக்கும்.

புரோபயாடிக் மாத்திரை வாங்கித் தரலாமா?

நாள் குறித்துச் செய்யும் வயிற்று ஆபரேஷன்களில் புரோபயாடிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா) தொற்றைக் குறைத்ததாகப் பல ஆய்வுகள் உண்டு, தரம் ஏற்ற இறக்கமாக. எந்த இனம், எத்தனை நாள் என்பதில் ஆளுக்கொரு கணக்கு. ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாடிக் கொடுத்தால் சொந்த பாக்டீரியா திரும்பி வருவது தாமதமாகிறது என்று 2018இல் வந்த இஸ்ரேல் ஆய்வு காட்டியது. வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரரை உள்ளே விட மாட்டேன் என்ற கதை. 2008இல் நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, புரோபயாடிக் கூட்டத்தில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், மற்றக் கூட்டத்தில் 6. தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் ‘நல்ல பாக்டீரியாதானே’ என்று கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

தயிர் சாப்பிட்டால் தையலில் சீழ் பிடிக்குமாமே?

பிடிக்காது. சீழ் வெளியே இருந்தும் தோலில் இருந்தும் வரும் கிருமியால் வருவது, தயிரால் அல்ல. பத்தியம் என்ற பெயரில் தயிர், உருளை, கத்தரி, பருப்பு, முட்டை எல்லாவற்றையும் வெட்டிவிட்டு இரண்டு வாரம் ரொட்டியும் ஹார்லிக்ஸும் கொடுக்கும் வீடுகள் உண்டு. புண் ஆறப் புரதம் வேண்டும், பாக்டீரியாவுக்கு நார் வேண்டும். ரொட்டியில் இரண்டும் சொற்பம்.

குளிரில் தயிர் சளி பிடிக்கும் என்று பயந்தால் அடுப்போரம் வைத்து வெதுவெதுப்பான மோராகக் குடியுங்கள். சமவெளியில் என்றால் பழைய சோற்றைச் சொல்வேன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அறுவைத் துறையே அதை ஆய்வுக்கு எடுத்திருக்கிறது. ஊட்டிக் குளிரில் ராத்திரி ஊறிய சோறு காலையில் சில்லென்ற சோறாகத்தான் இருக்கும், புளிக்காது. நம் மலைக்கு ராகிதான் பொருத்தம். முதலில் கூழ், பிறகு களி. கூடவே அவரை உதக்க (படுகர் வீட்டு அவரைக் குழம்பு), ஆனால் உடனே வேண்டாம். குடலையே வெட்டி ஒட்டியிருந்தால் முதல் சில நாள் நார் குறைவாக, குழைந்த சாதம், வேகவைத்து மசித்த கேரட். பிறகு பீன்ஸ், அவரை என்று ஒவ்வொன்றாக. ஒரே நாளில் விருந்து வைத்தால் வாயு பிரிவது மட்டும்தான் நடக்கும்.

முதுகு ஊசியால் காலம் முழுக்க முதுகுவலி வருமா?

வராது. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். சிசேரியனுக்குப் பிறகு வரும் முதுகுவலிக்குக் கர்ப்பமும், குனிந்து பால் கொடுப்பதும், முதுகில் கூடை கட்டி இலை பறிப்பதும் காரணம்.

எங்களுக்கு சிக்கிள் செல் இருக்கு. அதைச் சொல்லணுமா?

கட்டாயம், முதல் வார்த்தையாக. ரத்தச் சிவப்பணு அரிவாள் வடிவில் வளைந்துபோகும் பரம்பரை நோய் இது; கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், முள்ளுக்குறும்பர், இருளர் குடும்பங்களில் உண்டு. அவர்களுக்குக் குளிரும் நீர் வறட்சியும் ஆக்ஸிஜன் குறைவும் எதிரிகள். நீண்ட பட்டினியும் வேண்டாம், சில்லிட்ட டிரிப்ஸும் வேண்டாம். பாக்டீரியாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நானே எந்த மயக்கம் என்று தேர்ந்தெடுக்கலாமா?

பேசலாம், பேச வேண்டும். "எனக்கு பாக்டீரியாவுக்கு ஏத்த மயக்கம் வேணும்" என்று கேட்டால் எந்த மயக்க மருத்துவரிடமும் பதில் இருக்காது. "வலிக்கு மார்ஃபின் வகையைக் குறைக்க ஏதாவது செய்வீங்களா? எப்போ தண்ணி குடிக்கலாம், எப்போ எழுந்து நடக்கலாம்? ஆன்டிபயாடிக் எத்தனை வேளை?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் இருக்கும், பதில் சொல்கிறவருக்கும் நீங்கள் விஷயம் தெரிந்தவர் என்று புரியும்.

பாக்டீரியா பழையபடி ஆக எத்தனை நாள் ஆகும்?

ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு மூன்று கடுமையான ஆன்டிபயாடிக்கை நான்கு நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. ஒன்றரை மாதத்தில் கூட்டம் ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் முன்பு எல்லோரிடமும் இருந்த ஒன்பது இனங்கள் ஆறு மாதம் கழித்தும் பெரும்பாலானோரிடம் காணோம். உங்களுக்கு ஒரே டோஸ் என்றால் இவ்வளவு நாசம் இருக்காது. மலத்தைத் தபாலில் அனுப்பி பாக்டீரியா ஜாதகம் பார்க்கும் சோதனைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். அதை வைத்து நாங்கள் மாற்றி எழுதும் மருந்து எதுவும் இல்லை.

பாட்டிக்கு என்ன மயக்கம் கொடுத்தேன் என்று கேட்பீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்; முதுகில் ஊசி போட வழியில்லை. அதனால் கேஸ்தான், பேரனிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு. மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு அவனிடமிருந்து குறுஞ்செய்தி: "டாக்டர், பாட்டி போயிடுச்சு." போர்வையை உதறிவிட்டு வார்டுக்குப் போன் போட்டேன். நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னார், பாட்டி பாத்ரூம் போய்விட்டு வந்து உட்கார்ந்து டீ கேட்கிறாராம்.